வண்டு நிறைய இருக்கிறது, சாணி ஏன் அப்படியே கிடக்கிறது?

மழை பெய்து நாலாம் நாள் காலை, மேய்ச்சல் புறம்போக்கில் கிடக்கும் ஒரு சாணியைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். உளுந்தளவு சாணவண்டுகள் கறுப்பும் பழுப்புமாக ஐம்பது அறுபது ஓடும். பரவாயில்லையே, மண் உயிரோடுதான் இருக்கிறது என்று தோன்றும். ஒரு வாரம் கழித்து அதே இடத்துக்குப் போனால் சாணி மேலே ஓடு தட்டி, அடியில் கொஞ்சம் அரிபட்டு, வறட்டி மாதிரி அப்படியே கிடக்கும். காட்டோரத்து மரநிழலில் விழுந்த சாணியோ மறுநாளே வெறும் நாரும் சக்கையுமாகிப் புதுமண் குவியலுக்கு நடுவே கிடக்கும். அங்கே புரட்டினால் வண்டு குறைவாகத்தான் இருக்கும்.

இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளத் தலைக்கணக்கு உதவாது, எடைக்கணக்குதான் உதவும். ஆந்தோபேகஸ் வகைச் சிறு வண்டு ஒன்று 5 மி.மீ. நீளம். கேத்தார்சியஸ் மொலோசஸ் என்ற பெரிய கறுப்பு வண்டு சுமார் 30 மி.மீ. நீளத்தில் 6 மடங்கு என்றால் உடற்பருமனில் 6×6×6, அதாவது ஏறத்தாழ 200 மடங்கு. ஒரு பெரிய வண்டு ஓரிடத்தைவிட்டுப் போனால் அதன் வேலையை ஈடுகட்ட இருநூறு பொடி வண்டுகள் வேண்டும். வந்தாலும் அவற்றால் ஆழமாகத் தோண்ட முடியாது. சீர்குலைந்த நிலங்களில் எண்ணிக்கை குறையாமலேயே வேலை நின்றுபோவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

சாணவண்டுகளில் மூன்று தொழில்கள் உண்டு. உருட்டிகள் சாணத்தைப் பிய்த்து உருண்டையாக்கித் தள்ளிக்கொண்டு போய்த் தூரத்தில் புதைக்கும். ஜிம்னோப்ளூரஸ், சிசிஃபஸ் இந்த வகை. இவற்றின் பின்னங்கால் நீண்டு வளைந்திருக்கும். தோண்டிகள் சாணத்துக்கு நேர் அடியிலேயே குழாய்போலத் துளை போட்டு உள்ளே இறக்கும். காப்ரிஸ், கேத்தார்சியஸ், ஓனைட்டிஸ், பெரும்பாலான ஆந்தோபேகஸ் எல்லாம் இவைதான். முன்னங்கால் அகன்று, ஓரத்தில் பற்களோடு மண்வெட்டி மாதிரி இருக்கும். மூன்றாவது குடியிருப்பவை. எங்கும் கொண்டுபோகாமல் சாணத்துக்குள்ளேயே தின்று, அங்கேயே முட்டையிடும். அபோடியஸ் கூட்டத்துப் பொடி வண்டுகள் பல இப்படி. சாணியைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது இந்தக் கடைசி வகையும் சின்னத் தோண்டிகளும்தான். பெரியவை அந்நேரம் மண்ணுக்குள் இருக்கும்.

மூன்றும் செய்வது ஒரே வேலை அல்ல. சாணம் மேலேயே காய்ந்தால் அதிலுள்ள தழைச்சத்தில் கணிசமான பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். புதைந்தால் வேருக்குக் கிடைக்கும். துளைகள் வழியே மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். ஈக்கள் முட்டையிட்டுப் புழு முதிர்வதற்குள் சாணம் கலைந்தால் ஈ குறையும். வண்டின் உடம்பில் தொற்றிக்கொண்டு வரும் மேக்ரோகெலிஸ் என்ற சிற்றுண்ணிகள் ஈயின் முட்டைகளைத் தின்பது தனி உபகாரம். யானையும் குரங்கும் மலத்தோடு போட்ட விதைகளை எலிக்கு எட்டாதபடி மண்ணுக்குள் இறக்கி வைப்பது இன்னொன்று. இதில் குடியிருப்பவை சாணத்தைக் கிளறிக் காற்றோட்டம் தரும், விதையைப் புதைக்காது. உருட்டிகள் விதையைத் தள்ளிக்கொண்டு போகும், மண்ணை அதிகம் கிளறாது. மண்ணைக் கீழ்மேலாக்குவது தோண்டிகள்தான்.

வெனிசுவேலாவில் கரோனி ஆற்றின் குறுக்கே கட்டிய குரி அணையின் நீர்த்தேக்கம் 1986இல் நிரம்பியபோது, காட்டுக் குன்றுகள் நூற்றுக்கணக்கான தீவுகளாயின. அந்தத் தீவுகளில் சாணவண்டுகளை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த முடிவு கொஞ்சம் கலங்க வைப்பது. தீவு சிறிதானால் முதலில் மறைபவை பெரிய உடல் கொண்ட இனங்கள். வேலையில் கெட்டிக்காரர்களும் அவையே. இனங்கள் ஒன்றிரண்டாக, முறையில்லாமல் குறைந்திருந்தால் மலம் புதைவது மெல்லத்தான் சரிந்திருக்கும். மறைவது கெட்டிக்கார வேலைக்காரரிலிருந்தே தொடங்குவதால் சரிவு செங்குத்தாகிவிட்டது. எஞ்சிய சிறு இனங்கள் பெருகி அந்த இடத்தை நிரப்பவும் இல்லை.

போர்னியோவில் சபா மாநிலத்து டேனம் பள்ளத்தாக்கில் இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தார்கள். பகல், இரவு, உருட்டி, தோண்டி, பெரிது, சிறிது என்று கூட்டம் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் வலையால் தடுத்து, மலமும் விதையும் எவ்வளவு அகல்கிறது என்று அளந்தார்கள். இரவில் வரும் பெரிய தோண்டிகளைத் தடுத்தபோது வேலை ஏறத்தாழ 75 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த ஒரு கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டும் முழு அளவு வேலை நடக்கவில்லை. எல்லாக் கூட்டமும் சேர்ந்தபோதுதான் உச்சம். பன்மயம் என்று பேசும்போது பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

பெரியவை ஏன் முதலில் போகின்றன? ஒரு காப்ரிஸ் தாய் மண்ணுக்குள் சில உருண்டைகளே செய்து, குஞ்சு வெளியே வரும்வரை கூடவே இருந்து பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். பிள்ளை குறைவு, வளர்ப்பு நீளம். ஒரு வருடம் தப்பினால் ஈடுகட்டுவது கடினம். பெரிய உருண்டைக்குப் பெரிய சாணம் வேண்டும், அதாவது யானை, காட்டெருது, எருமை. ஹீலியோகாப்ரிஸ் டோமினஸ் யானை லத்தியை நம்பி வாழ்வது. அதன் கூட்டு உருண்டை கிரிக்கெட் பந்தைவிடப் பெரிதாகவும் இருக்கும். மரம் போனால் மண் சூடேறி ஈரம் இறங்கிவிடும், உருண்டை உள்ளேயே காய்ந்து புழு செத்துவிடும். டிராக்டர் கலப்பை கூட்டைக் கிழிக்கும். இரவு வண்டுகள் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சாலையில் நசுங்கும். தார்ச்சாலையோரக் கடையின் பல்புக்குக் கீழே மழைக்காலக் காலையில் குனிந்து பார்த்தால் இது புரியும்.

இனி, உங்கள் ஊரில் இதை அளப்பது எப்படி என்று பார்ப்போம். காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். தோப்பு, தரிசு, மேய்ச்சல் நிலம் என்றால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

முதலில் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்குப் பொறி ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா, வாய் அகலம் 15 செ.மீ.க்குக் குறையாமல், ஆழம் 10 செ.மீ.க்கு மேல். அதன் விளிம்பு தரைமட்டத்தோடு ஒட்டி நிற்கும்படி புதையுங்கள். இங்கேதான் பாதிப்பேர் தவறுகிறார்கள். விளிம்பு அரை விரல் மேலே நின்றாலும் பொடி வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும், பெரியது மட்டும் விழும். பிறகு உங்கள் நிலத்தில் சின்ன இனமே இல்லை என்று தப்பாக எழுதுவீர்கள். சுற்றியுள்ள இடைவெளியை மண் போட்டு அழுத்தி மூடுங்கள். உள்ளே 250 மி.லி. தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு, வாசனையில்லாத சோப்புத் திரவம் நாலைந்து சொட்டு. சோப்பு இல்லையென்றால் வண்டு மிதந்து ஏறிவிடும். புதுச்சாணம் 50 கிராமைக் கொசுவலைத் துணியில் முடிந்து, டப்பாவுக்கு மேலே 5 செ.மீ. உயரத்தில் குச்சியில் தொங்கவிடுங்கள். அதற்கும் மேலே பாக்குமட்டைத் தட்டை மூன்று குச்சியில் கூரையாக நிறுத்தினால் மழையில் டப்பா வழியாது. பொறிக்குப் பொறி 50 மீட்டராவது இருக்கட்டும், 100 இருந்தால் இன்னும் நல்லது. நெருக்கி வைத்தால் ஒரு பொறியின் வாசம் பக்கத்துப் பொறியின் வண்டை இழுக்கும். 24 மணி நேரம் முழுதாக விடுங்கள். காலையில் வைத்து மாலையில் எடுத்தால் பகல்நேர ஜிம்னோப்ளூரஸ் கிடைக்கும், இரவுக்காரரான கேத்தார்சியஸ் கணக்கில் வராது. அதிகம் வேலை செய்பவரையே விட்டுவிட்டு எழுதும் அறிக்கை ஆகிவிடும்.

நாயும் கீரியும் காட்டுப்பன்றியும் பொறியைத் தோண்டிப்போடும். அதனால் ஓரிடத்துக்கு ஐந்து வேண்டுமானால் ஏழு வையுங்கள். இன்னொன்று: தென்னமெரிக்க ஆய்வுகள் பலவற்றில் தூண்டில் பன்றி மலமும் மனித மலமும் கலந்தது. அதற்கு வரும் இனப்பட்டியலை நம் மாட்டுச்சாணப் பட்டியலோடு ஒப்பிடுவது பொருத்தமில்லை.

கொம்பைப் பார்த்து இனம் பிரிக்காதீர்கள். ஆந்தோபேகஸில் தீனி நன்றாகக் கிடைத்த ஆணுக்குப் பெரிய கொம்பு, குறைவாகக் கிடைத்த ஆணுக்கு முளை மட்டும், பெண்ணுக்குப் பெரும்பாலும் இல்லை. ஒரே இனத்தை மூன்றாக எண்ணி 'இனவளம்' ஏற்றிக் காட்டிய பட்டியல்கள் உண்டு. முன்முதுகின் புள்ளிக்குழிகள், இறக்கை உறையின் வரிகள், முன்னங்கால் பற்கள் ஆகியவற்றைக் கைலென்சில் பார்ப்பதே வழி. அதுவும் சரிவராவிட்டால் நீளத்தை வெர்னியரில் அளந்து, 10 மி.மீ.க்கு மேல் பெரிது, கீழே சிறிது என்று பிரித்து, காலைப் பார்த்துத் தொழில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் அந்த அட்டவணை பயன்படும்.

பட்டியல் ஆளைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. வேலையை அளக்க வேறு ஏற்பாடு வேண்டும். ஒரு மீட்டர் விட்டத்தில் வட்டம் போட்டு, சருகை நீக்கி, சுற்றிலும் 15 செ.மீ. உயரத்துக்குக் கொசுவலையால் சுவர் கட்டுங்கள், அடி ஓரம் மண்ணில் புதைந்திருக்கட்டும். வண்டு பறந்து உள்ளே வரும். உருட்டிக்கொண்டு வெளியே போக முடியாது, உள்ளேயே புதைக்கும், அப்போதுதான் தேட முடியும். நடுவில் 200 கிராம் சாணம். அதற்குள் மூன்று அளவில் பாசிமணி: 3.5 மி.மீ., அதாவது மிளகைவிடச் சற்றுச் சின்னது, 50; 8.5 மி.மீ., இலந்தைக் கொட்டை அளவு, 20; 15 மி.மீ., புளியங்கொட்டை அளவு, 10. நிஜ விதை போட்டால் எறும்பும் எலியும் தூக்கிப்போய் வண்டின் பேரில் பழி விழும். பெரிய மணிகளில் ஒரு சாண் நைலான் நூல் கட்டிவிட்டால், புதைத்த இடத்தில் நூல் நுனி வெளியே தெரியும். இழுக்கக் கூடாது, பக்கவாட்டில் தோண்டி ஆழத்தை அளக்க வேண்டும்.

சாணத்தை எங்கே எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். விடியலில் தொழுவத்தில் போட்ட உடனேயே அள்ளுங்கள். வயலில் கிடந்ததில் ஏற்கெனவே வண்டு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வாளியில் பிசைந்து சேர்த்து, பிறகு தராசில் பிரித்து எடுங்கள். பச்சைப்புல் தின்ற மாட்டின் சாணமும் வைக்கோல் தின்றதன் சாணமும் ஈரத்திலும் நாரிலும் வேறு. கலக்காமல் வைத்தால் நிலத்தின் வேறுபாடா தீனியின் வேறுபாடா என்று தெரியாது. கடந்த இரண்டு மாதத்தில் குடற்புழு ஊசி போட்ட மாடு வேண்டாம், காரணம் கீழே வரும்.

ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் அதே 200 கிராமை வண்டு நுழையாத நுண்வலையால் மூடி வையுங்கள். இதை விட்டால் மொத்த உழைப்பும் வீண். மறுநாள் திறந்த சாணம் 110 கிராம் நிற்கிறது, மூடியது 170 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 30 கிராம் வெயில் குடித்த தண்ணீர். வண்டு எடுத்தது 170க்கு 60, அதாவது 35 சதவீதம். வலையில்லாதவர் 45 சதவீதம் என்று எழுதியிருப்பார். மழை பெய்த இரவில் மூடியது 200ஐத் தாண்டும், அப்போது இந்தக் கணக்கு இன்னும் அவசியம். துல்லியம் வேண்டுமென்றால் மிச்சத்தை 60 முதல் 70 டிகிரி சூட்டில் எடை நிலைக்கும்வரை காயவைத்து, உலர் எடையில் ஒப்பிடுங்கள். மிச்சத்தோடு ஒட்டிய மண்ணை முதலில் பிரிக்காவிட்டால், வண்டு மும்முரமாக வேலை செய்த வட்டத்திலேயே சாணம் 'கூடியதாக' வரும். இது அடிக்கடி நடக்கும் கூத்து.

மண்ணையும் அளக்க வேண்டும். சாணத்தைத் தூக்கியதும் அடியிலும் ஓரத்திலும் பொலபொலவென்று நிறம் மாறிய மண் தெரியும். அதுதான் கீழிருந்து வந்தது. செம்மண்ணில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கரிசலில் வெடிப்புக்குள் விழுந்து ஏமாற்றும். பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டி எடுத்து, உலர்த்தி, நிறுங்கள். துளை எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கக் கோலமாவை உள்ளே கொட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டைத் தொடர்ந்து களைக்கொட்டால் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே போகலாம். மாவில்லாமல் வெட்டினால் ஒரு சாணுக்குள் தடம் தொலைந்துவிடும்.

இப்போது பட்டியலையும் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீர்குலைந்த நிலத்தின் அடையாளம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: தலை எண்ணிக்கை குறையவில்லை, மிளகளவு மணி ஓரளவு காணாமல் போயிருக்கிறது, புளியங்கொட்டை அளவு மணி பத்தும் போட்ட இடத்திலேயே இருக்கிறது, கிளறிய மண் கைப்பிடிகூட இல்லை. பெரிய விதை மரங்களின் மறுபிறப்பு அங்கே தடைபட்டிருக்கிறது என்று பொருள். ஆழமாகப் புதைத்தால் எல்லாம் நன்மை என்றும் இல்லை. 10 செ.மீ.க்குக் கீழே போன விதை பலதும் முளைத்து மேலே வர முடியாமல் சாகும். அதைவிடக் குறைந்த ஆழம்தான் பல விதைகளுக்கு ஏற்றது.

ஒரே ஒரு கெட்டிக்கார இனத்தைக் கொண்டுவந்து விட்டால் போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும். ஆஸ்திரேலியா அதைச் செலவழித்துச் சோதித்துப் பார்த்த நாடு. 1788இல் மாடு போய் இறங்கியது. அங்கிருந்த நாட்டு வண்டுகளில் பெரும்பாலானவை கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை, ஈரமான மாட்டுச்சாணத்தைச் சீண்டவில்லை. சாணி குவிந்தது, ஈ பெருகியது. ஹங்கேரியிலிருந்து குடியேறிய பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிசா முன்னின்று நடத்திய அரசு ஆராய்ச்சித் திட்டத்தில் 1968இலிருந்து 1984வரை 43 இனங்கள் வெளிநாட்டிலிருந்து விடப்பட்டன. ஊன்றியவை 23. டிஜிடோந்தோபேகஸ் கஸெல்லா என்ற இனம் வெப்பமண்டல வடக்கில் வேகமாகப் பரவியது. ஆனாலும் அது கோடைக்காரன், குளிர்காலத்தில் தெற்கில் ஆளில்லை. அதற்கு பூபாஸ் பைசன் என்ற குளிர்கால இனம் வேண்டியிருந்தது. அப்புறமும் வசந்தத்தில் ஓர் இடைவெளி நிற்க, அதை நிரப்ப 2010களில் பிரான்சிலிருந்து மேலும் இரண்டு இனம் வரவழைத்தார்கள். பருவத்துக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, களிமண்ணுக்கு ஒன்று என்று கடை விரித்த பிறகுதான் ஆண்டு முழுக்க ஓரளவு வேலை நடக்கிறது. நமக்கு இவ்வளவும் உள்ளூரிலேயே இலவசமாக இருந்தது. ஆகவே யாராவது பெட்டியில் வண்டு விற்றால் வாங்காதீர்கள். ஊர் இனத்தைத் தக்கவைப்பதே மலிவு.

குடற்புழு ஊசிக்கு வருவோம். குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின் மாட்டின் உடலிலிருந்து பெரும்பாலும் சாணத்தின் வழியாகவே வெளியேறும். வளர்ந்த வண்டு அதைத் தின்று உடனே சாவதில்லை, பொறியில் வழக்கம்போல விழும். உருண்டைக்குள் இருக்கும் புழுதான் சாகும், ஊசி போட்டுச் சில வாரங்கள் கழித்து விழும் சாணத்திலும்கூட. அதனால் இந்த வருடப் பட்டியலில் ஒன்றும் தெரியாது, அடுத்த மழைக்குத்தான் ஆள் குறைவு தெரியும். 2012இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்று, இந்த மருந்தால் பாதிப்பு உண்டாக்கி வண்டுக்கூட்டங்களை ஒப்பிட்டது. பல இனம் சேர்ந்த கூட்டம் அடியைத் தாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. பன்மயத்தின் மதிப்பு நல்ல நாளில் தெரிவதைவிடக் கெட்ட நாளில் தெரிகிறது.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாணப் பரிசோதனையில் முட்டை தெரிந்த மாட்டுக்கு மட்டும் கொடுங்கள். கால்நடை மருத்துவர் ஒத்துக்கொண்டால் வண்டுக்குத் தீங்கு குறைந்த ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் வகையைக் கேளுங்கள். ஐவர்மெக்டின்தான் தேவை என்றால் வண்டு ஓய்ந்திருக்கும் கடுங்கோடையில் போடுங்கள், மழை தொடங்கிய வாரத்தில் வேண்டாம். போட்ட மாட்டை இரண்டு வாரமாவது தொழுவத்திலேயே கட்டி, சாணத்தைக் குப்பைக்குழிக்கு அனுப்புங்கள். உண்ணிக்கு முதுகில் ஊற்றும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மருந்துகள் வளர்ந்த வண்டையே கொல்பவை, அவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

நம்மூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. விழுந்த சாணியெல்லாம் கூடையில் ஏறி வறட்டிக்கோ எருக்குழிக்கோ போய்விடுகிறது. கலப்பின மாடு தொழுவத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை. வண்டுக்கு மிஞ்சுவது சாலையோரத்து ஆட்டுப்புழுக்கை. அது வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும், பெரிய தோண்டிக்கு உதவாது. இந்த விஷயத்தில் பழைய மாட்டுக்கிடை நல்ல ஏற்பாடு. ஒரே இரவில் மந்தை முழுதும் வயலில் சாணம் போடுகிறது, இரவு வண்டுகளுக்குப் புதுச்சாணம் அவை பறக்கும் நேரத்திலேயே கிடைக்கிறது. கிடை போட்ட மறுநாளே உழுதுவிடாமல் மூன்று நாலு நாள் விட்டால் அவை இறக்கிவிடும். அதற்கப்புறம் உழவு நாலு விரல் ஆழத்தைத் தாண்ட வேண்டாம். வரப்போரத்தில் ஒரு பத்தடி அகலம் மரநிழலோடு உழாமல் கிடக்கட்டும். கூடு கிழியாமல் தப்பும் இடம் அதுதான்.

அளவை வருடத்துக்கு இரண்டு முறை எடுங்கள்: தென்மேற்குப் பருவமழை இறங்கிய பதினைந்து நாளில் ஒன்று, வடகிழக்கில் முதல் நல்ல மழைக்குப் பிறகு ஒன்று. ஏப்ரலில் எடுத்தால் எந்த நிலமும் செத்த நிலமாகத்தான் தெரியும்.